ஆறாத புண்ணுக்கு உயிருள்ள மருந்து



நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அழகானது அல்ல. சீழ், நாற்றம், மாற்ற மாற்ற நனைந்துபோகும் கட்டு. ஆறாத புண். மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மூடவே மாட்டேன் என்று கிடக்கும் புண். அந்தப் புண்ணின் மேல் உயிருள்ள பாக்டீரியாவையே மருந்தாக வைக்கலாமா? இதுதான் இன்றைய கேள்வி. தயிரிலும் ஊறுகாயிலும் புளித்த மாவிலும் வளர்கிற இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாவை, சீழ் பிடித்த காலில் கொண்டுபோய் விட்டால் என்ன நடக்கும்?

"ஏற்கெனவே இருக்கிற கிருமி போதாதா, இவர் வேறு புதிதாகக் கொண்டுவருகிறாரே" என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நினையுங்கள். அது நல்ல சந்தேகம். கடைசிவரை அதைக் கைவிடாதீர்கள். பேச்சின் பிற்பகுதியில் அந்தச் சந்தேகம் எனக்கே தேவைப்படும்.

முதலில் ஒன்றைக் கேட்போம். புண் ஏன் ஆறாமல் போகிறது?

காய் நறுக்கும்போது விரலில் வெட்டு விழுகிறது. ரத்தம் உறைகிறது. வெள்ளை அணுக்கள் ஓடிவருகின்றன. உள்ளே புகுந்த கிருமியை விழுங்குகின்றன. வேலை முடிந்ததும் அவை மடிந்து விலகுகின்றன. பிறகு புதுச் சதை வளர்கிறது, தோல் மூடுகிறது. இரண்டு வாரத்தில் தழும்புகூட மங்கத் தொடங்கிவிடும். இதில் நாம் செய்த வைத்தியம் என்ன? பெரும்பாலும் ஒன்றுமில்லை. காபித்தூளை அப்பியவரும் ஆறினார், அப்பாதவரும் ஆறினார். புகழ் மட்டும் காபித்தூளுக்குப் போயிற்று.

இப்போது சர்க்கரை நோய் வந்து பல ஆண்டுகள் ஆன ஒருவரின் பாதத்தைப் பாருங்கள். நரம்பு மரத்துவிட்டது. நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. செருப்புக்குள் ஒரு சிறு கல் கிடக்கிறது, அதுவும் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க அந்தக் கல்லின் மேலேயே நடக்கிறார். மாலையில் காலைக் கழுவும்போது தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் புண்ணையே அறிகிறார். பாதத்துக்குப் போகும் ரத்தமும் குறைவு. வெள்ளை அணுக்கள் வருகின்றன, ஆனால் வேலையை முடிக்க முடியவில்லை. முடிக்க முடியாததால் மேலும் மேலும் வருகின்றன. வந்தவை அங்கேயே வெடித்துச் சாகின்றன. கிருமியைக் கரைக்க வைத்திருந்த நொதிகள் வெளியே கொட்டி நம் சொந்தச் சதையையே அரிக்கின்றன. காவலுக்கு வந்த அணுக்களே புண்ணைப் பெரிதாக்குகின்றன. இதைத்தான் ஆறாத புண் என்கிறோம். கணுக்காலுக்கு மேலே ரத்தக்குழாய் வீங்கி வரும் புண்ணிலும், படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் இடுப்பில் வரும் படுக்கைப் புண்ணிலும் தொடக்கம் வேறு வேறு. ஆனால் புண் தேங்கி நிற்கும் இடம் ஒன்றுதான்.

இது யாருக்கோ வருகிற நோய் என்று இந்த அரங்கில் யாரும் இருக்க முடியாது. 2023ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். அந்தப் 10 கோடிப் பேருக்கும் இரண்டிரண்டு பாதங்கள்.

அடுத்த கேள்வி. ஆன்டிபயாடிக் இருக்கிறதே, அதைக் கொடுத்தால் தீராதா?

இதற்குப் பதில் சொல்ல உங்களை 1914-18 போர்க்காலத்துக்கு அழைத்துப் போக வேண்டும். பிரான்ஸ் நாட்டுக் கடற்கரையில் பூலோன் என்ற ஊர். அங்கே ஒரு சூதாட்ட மாளிகையைப் பிரிட்டிஷ் ராணுவம் மருத்துவமனை ஆக்கியிருந்தது. அதில் வேலை பார்த்த இளம் மருத்துவர்களில் ஒருவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். பென்சிலின் ஃபிளெமிங்தான், ஆனால் பென்சிலினுக்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. குண்டு பட்டு வரும் வீரர்களின் புண்ணில் கார்பாலிக் அமிலத்தையும் வேறு கிருமிநாசினிகளையும் வாரி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஊற்றியும் புண் அழுகியது. ஏன் என்று ஃபிளெமிங் யோசித்தார்.

அவர் செய்த சோதனையைக் கேளுங்கள். சாதாரணச் சோதனைக் குழாய் ஒன்றைச் சூடாக்கி, அதன் சுவரிலிருந்து முள் முள்ளாகக் கண்ணாடியை வெளியே இழுத்தார். உள்ளே குடைவான முட்கள். குண்டு துளைத்த புண்ணில் சந்து பொந்துகள் இருக்குமே, அதற்கு ஒரு கண்ணாடிப் பதிப்பு. அதில் கிருமி கலந்த நீரை நிரப்பினார், கொட்டினார். கடுமையான கிருமிநாசினியை நிரப்பி ஊறவிட்டார், கொட்டினார். கிருமியே இல்லாத ஊட்டநீரை நிரப்பி வைத்தார். மறுநாள் பார்த்தால் குழாய் முழுக்க மறுபடியும் கிருமி! முட்களின் நுனியில் ஒளிந்திருந்தவை தப்பிப் பிழைத்து மறுபடி பெருகிவிட்டன. இன்னொன்றையும் அவர் காட்டினார். அந்தக் கிருமிநாசினிகள் கிருமியைக் கொல்வதைவிட வேகமாக நம் வெள்ளை அணுக்களைக் கொன்றன. மருந்து கிருமியை விட்டுவிட்டுக் காவல்காரனை அடித்துப்போட்டது.

அவர் கண்ணாடி முள்ளில் பார்த்ததற்கு இன்றைய உயிர்ப்பதிப்பு ஒன்று உண்டு. பயோஃபிலிம் என்கிறோம். தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தொட்டால் வழுவழு என்று கையில் ஒட்டுமே, அதுவும் பயோஃபிலிம்தான். பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பசை போன்ற படலத்தைச் சுரந்து, அதற்குள் வாழ்கின்றன. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் போஸ்மன் நகர ஆய்வாளர்கள் 2008இல் நுண்ணோக்கி வைத்துப் பார்த்தார்கள். நாள்பட்ட புண்கள் 50. அவற்றில் 30 புண்களில் பயோஃபிலிம். புதிய காயங்கள் 16. அவற்றில் ஒரே ஒரு காயத்தில்தான் பயோஃபிலிம். ஆன்டிபயாடிக் ரத்தத்தில் ஓடுகிறது. ரத்தமே சரியாகப் போகாத பாதத்துக்கு அது எவ்வளவு போய்ச் சேரும்? போய்ச் சேர்ந்ததும் அந்தப் படலத்துக்குள் எவ்வளவு நுழையும்? நுழைந்தாலும், உள்ளே அரைத்தூக்கத்தில் கிடக்கும் பாக்டீரியாவை அது என்ன செய்யும்? பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் வளர்கிற பாக்டீரியாவைத்தான் கொல்லும். தூங்குவது தப்பிவிடும். எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமிகளின் கதையை நான் இன்னும் தொடவே இல்லை.

இந்தப் படலக்காரர்களில் கெட்டிக்காரர் சூடோமோனாஸ் ஏருஜினோசா. வார்டில் வேலை பார்த்த செவிலியரைக் கேளுங்கள். கட்டைப் பிரித்ததும் பச்சை நிறச் சீழும் ஒரு மாதிரி இனிப்பு வாடையும் வந்தால், ஆய்வகத்தின் பதிலுக்குக் காத்திருக்காமலே சொல்லிவிடுவார்கள். தீக்காய வார்டுகளின் நிரந்தர எதிரி அது.

சரி. கொல்ல முடியவில்லை. வேறு என்ன செய்யலாம்?

இங்கேதான் ஒரு பழைய யோசனை கதவைத் தட்டுகிறது. கொல்வதற்குப் பதில், இன்னொன்றை அங்கே குடியேற்றினால்? 1877ஆம் ஆண்டிலேயே லூயி பாஸ்டரும் அவருடைய சகா ஜூபேரும் பார்த்தார்கள்: ஆந்திராக்ஸ் கிருமியை வளர்க்கும் நீரில் சாதாரண பாக்டீரியா புகுந்துவிட்டால் ஆந்திராக்ஸ் வளர மறுக்கிறது. 1885இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அர்னால்டோ கன்டானி என்ற மருத்துவர் ஒருபடி மேலே போய், காசநோயாளியின் நுரையீரலுக்குள் தீங்கற்றது என்று அவர் நம்பிய பாக்டீரியாவை ஊதிச் செலுத்தினார். துணிச்சல்காரர். அந்த வைத்தியம் நிலைக்கவில்லை, நிலைக்காததும் நல்லதுதான்.

அடுத்து வருகிறார் இலியா மெச்னிகாஃப். நட்சத்திர மீனின் புழுப்பருவத்துக்குள் ரோஜா முள்ளைக் குத்தி, அந்த முள்ளைச் சுற்றி நடமாடும் அணுக்கள் வந்து சூழ்வதைப் பார்த்தவர். வெள்ளை அணு கிருமியை விழுங்குகிறது என்பதை உலகுக்குச் சொன்னதற்காக 1908இல் நோபல் பரிசு. அதே மெச்னிகாஃப்தான் பிற்காலத்தில் பல்கேரியத் தயிரைத் தினமும் சாப்பிட்டு, எல்லோரையும் சாப்பிடச் சொன்னவர். விழுங்கும் அணு ஒரு பக்கம், புளிக்கவைக்கும் பாக்டீரியா இன்னொரு பக்கம். ஒரே மனிதரின் இரண்டு காதல்கள். அவை இரண்டும் ஒரே புண்ணில் சந்திக்க நூறு ஆண்டு ஆயிற்று. சந்தித்த இடம் பாரிஸ் அல்ல, லண்டன் அல்ல. துக்குமான்.

துக்குமான் எங்கே இருக்கிறது? அர்ஜென்டினாவின் வடமேற்கில், மலையடிவாரத்தில், கரும்பும் எலுமிச்சையும் விளையும் சிறிய மாகாணம். 1816இல் அர்ஜென்டினா தன் விடுதலையை அறிவித்த ஊர் அதன் தலைநகர். அந்த ஊரில் 1976 முதல் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவுக்கென்றே தனி ஆய்வு மையம் இருக்கிறது. புரோபயாடிக் என்றால் என்ன என்று ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர்கள் 2001இல் அமர்ந்து வரையறுத்ததும் அதே அர்ஜென்டினாவின் கோர்தொபா நகரில்தான். உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவில் இருக்க வேண்டும், பெறுபவருக்கு நன்மை செய்ய வேண்டும். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பரீட்சை இருக்கிறது.

துக்குமான் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹுவான் கார்லோஸ் வால்தேஸ் என்பவரும் அவர் குழுவினரும் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவை எடுத்தார்கள். கொரியாவின் கிம்ச்சியில் இருப்பது, ஜெர்மனியின் புளித்த முட்டைக்கோஸில் இருப்பது, நம் இட்லி மாவிலும் காணப்படுவது. எலிக்குத் தீக்காயம் உண்டாக்கி, அதில் சூடோமோனாஸைச் செலுத்தி, அதன் மேல் சில நாட்கள் இந்தப் பிளான்டாரத்தைக் கொடுத்தார்கள். 2005இல் முடிவை வெளியிட்டார்கள். தோலில் சூடோமோனாஸ் குறைந்தது. கல்லீரலிலும் மண்ணீரலிலும்கூடக் குறைந்தது. அதாவது புண்ணிலிருந்து உடலுக்குள் பரவுவது தடுக்கப்பட்டது. இன்னொன்றும் நடந்தது. வெள்ளை அணுக்கள் முன்பைவிட மும்முரமாகக் கிருமியை விழுங்கின. மெச்னிகாஃப் இருந்து பார்த்திருந்தால் துள்ளியிருப்பார்.

எப்படி நடந்தது? ஒரு வழியில் அல்ல, பல வழியில்.

பிளான்டாரம் லாக்டிக் அமிலத்தைச் சுரக்கிறது. நம் நல்ல தோல் இயல்பிலேயே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 5. நாள்பட்ட புண்ணிலோ அது 7க்கு மேலே ஏறிக் காரத்தன்மைக்குப் போய்விடுகிறது. சீழ்க் கிருமிகளுக்கும் சதையை அரிக்கும் நொதிகளுக்கும் அது தோதான இடம். லாக்டிக் அமிலம் அந்தத் தோதைக் கெடுக்கிறது. சூடோமோனாஸின் வெளிச்சவ்வையும் அது தளர்த்திவிடுகிறது.

இதைவிடச் சுவாரசியமானது இன்னொன்று. சூடோமோனாஸ் தனியாக இருக்கும்போது சண்டைக்குப் போகாது. ஒவ்வொன்றும் ஒரு சிறிய வேதிப்பொருளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பொருள் சுற்றிலும் அடர்த்தியானால், "நாம் நிறையப் பேர் இருக்கிறோம்" என்று அதற்குத் தெரிகிறது. தெரிந்த பிறகுதான் சதையை அரிக்கும் நொதியைக் கக்கும், படலத்தைக் கட்டும். ஆள்பலம் பார்த்து அடிக்கிற கூட்டம். துக்குமான் குழு என்ன கண்டது? பிளான்டாரம் வளர்ந்த நீர் அந்த வேதிப்பொருள் உருவாவதையே குறைக்கிறது. நொதியும் குறைகிறது, படலமும் குறைகிறது. கிருமி சாக வேண்டியதில்லை. அதன் கூட்டம் கலைந்தால் போதும். கொல்கிற மருந்துக்கு எதிர்ப்புத் திறன் பெறுவதுபோல, கூட்டத்தைக் கலைக்கிற மருந்துக்கு அவ்வளவு எளிதாகப் பெற முடியாது என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். எதிர்பார்ப்புதான். பாக்டீரியா நம்மைப் பலமுறை ஏமாற்றியிருக்கிறது.

கடைசியாக இடம். பேருந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இருக்கை பிடிக்கிறோமே, அதைத்தான் இதுவும் செய்கிறது. ஒட்டிக்கொள்ள இடமும் உண்ண இரையும் இருக்கும் இடத்தில் நல்லது முதலில் துண்டு போட்டுவிட்டால் பின்னால் வருவது நிற்கத்தான் வேண்டும். 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை எலியில் காட்டினார்கள். தீக்காயத்தில் பிளான்டாரத்தை வைத்த எலிகளில் பெரும்பாலானவை சூடோமோனாஸைத் தாங்கிப் பிழைத்தன. வைக்காதவற்றில் பெரும்பாலானவை இறந்தன.

எலி போதும், மனிதருக்கு வாருங்கள் என்கிறீர்களா? வருகிறேன்.

2009இல் துக்குமான் குழு தீக்காயம் பட்ட 80 பேரின் முடிவுகளை வெளியிட்டது. ஒரு பகுதியினருக்குப் பிளான்டாரம். மறு பகுதியினருக்கு, தீக்காய வார்டுகளில் 1960களின் பிற்பகுதியிலிருந்து பூசப்பட்டுவரும் வெள்ளைக் களிம்பான சில்வர் சல்ஃபாடயசின். பலன் ஏறக்குறைய ஒன்று. வெள்ளிக் களிம்பை வெல்லவில்லை, தோற்கவும் இல்லை. இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். வெள்ளி கிருமியைக் கொல்கிறது, கூடவே வளர்கிற புதுத் தோலையும் தொல்லைப்படுத்துகிறது. ஒரு சர்க்கரை ஆலை மாகாணத்தில், மலிவாக வளர்க்கக்கூடிய ஒரு பாக்டீரியா அதற்கு ஈடு கொடுத்ததென்றால் அது சாதாரணம் அல்ல.

2010இல் ஆறாத கால் புண்களுக்கு வந்தார்கள். 34 பேர். 14 பேருக்குச் சர்க்கரை நோய், 20 பேருக்கு இல்லை. எல்லோருக்கும் சீழ் பிடித்த புண். பிளான்டாரத்தைப் புண்ணின் மேலேயே இட்டார்கள். 30ஆம் நாள் கணக்குப் பார்த்தபோது சர்க்கரை நோயாளிகளில் 43 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 50 சதவீதம் பேருக்கும் புண் ஆறியிருந்தது. வெள்ளை அணுக்களைக் கூப்பிடும் இன்டர்லூக்கின்-8 என்ற செய்திப் பொருளையும் அளந்தார்கள். புண்ணுக்குள் வெடித்துச் சாகும் வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தன. தேங்கிக் கிடந்த புண் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது என்பதற்கு அது அடையாளம்.

கைதட்டப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். தொடக்கத்தில் கையில் வைத்திருக்கச் சொன்னேனே ஒரு சந்தேகம், அதை இப்போது எடுங்கள்.

34 பேர். அந்த 34 பேருக்கும் பாக்டீரியா. பாக்டீரியா இல்லாமல், அதே கவனிப்போடு, அதே கட்டோடு, அதே 30 நாள் இருந்த ஒப்பீட்டுக் குழு எங்கே? ஆய்வில் சேர்ந்த நோயாளிக்கு என்ன நடக்கிறது? தவறாமல் வருகிறார். கட்டை முறையாக மாற்றுகிறார்கள். செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள். சர்க்கரை அளவை யாரோ கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இவ்வளவு கவனிப்பிலேயே சில புண்கள் ஆறும். அப்படியானால் ஆறிய புண்ணில் பாக்டீரியாவின் பங்கு எவ்வளவு, கவனிப்பின் பங்கு எவ்வளவு? காபித்தூள் கதையை மறக்காதீர்கள்.

"சின்ன ஆய்வு, பாவம், பணம் இல்லாத நாடு" என்று சிலர் சொல்வார்கள். நான் ஏற்க மாட்டேன். குறை எண்ணிக்கையில் மட்டும் இல்லை. எடுத்துக்காட்டு சொல்கிறேன். குடலில் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி பெருகித் தீராத வயிற்றுப்போக்கு வரும். அங்கேயும் இதே யோசனை: நல்ல பாக்டீரியாவைக் குடியேற்று. ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக் கூட்டத்தை நோயாளியின் குடலில் செலுத்தினார்கள். முகம் சுளிக்காதீர்கள், உயிர் காத்த வைத்தியம் அது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். அந்தக் குழுவில் இருந்தவர்கள் 16 பேர்தான். முதல் தடவையிலேயே 13 பேர் குணமானார்கள். பக்கத்திலேயே வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் வாங்கிய 13 பேர். குணமானவர்கள் 4 பேர். வித்தியாசம் இவ்வளவு பளிச்சென்று இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 16 பேர்! 34இல் பாதிகூட இல்லை. ஆனால் ஒப்பிடப் பக்கத்தில் ஆள் இருந்தார்கள். அதனால் உலகம் நம்பியது. 2022இலும் 2023இலும் அமெரிக்க அரசு அந்த வழியில் வந்த மருந்துகளுக்கு அனுமதியும் கொடுத்தது. ஆறாத புண்ணுக்கான உயிருள்ள பாக்டீரியா மருந்து அந்த அனுமதிப் பட்டியலில் இல்லை.

இப்போது இந்த அரங்கில் பலர் மனதில் ஓடும் கேள்விக்கு வருகிறேன். "ஐயா, தயிரிலும் இருக்கிறது, இட்லி மாவிலும் இருக்கிறது என்கிறீர்களே, வீட்டிலேயே தடவிக்கொள்ளலாமா?"

கூடாது. கூடவே கூடாது. இன்னும் ஒருமுறை சொல்கிறேன், கூடாது.

ஏன்? கோர்தொபாவில் சொன்ன மூன்றையும் வைத்துப் பரீட்சை நடத்துவோம். உயிரோடு இருக்கிறதா? உங்கள் வீட்டுத் தயிரில் என்ன உயிரோடு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பக்கத்து வீட்டில் உறை வாங்கினால் அந்த வீட்டுக் கூட்டமும் சேர்ந்து வரும். ஈஸ்ட் வரும், பூஞ்சை வரும், கரண்டியில் இருந்தது வரும். போதிய அளவா? யார் எண்ணினார்கள்? நன்மை செய்யுமா? பாலில் இருக்கும் சர்க்கரையும் புரதமும் சீழ்க் கிருமிக்கும் விருந்துதான். துக்குமானில் இட்டது தயிர் அல்ல. பெயரும் எண்ணும் உள்ள ஒரே ஒரு பாக்டீரியா வகை, ஆய்வகத்தில் தனியாக வளர்த்து, எண்ணி, மருத்துவர் கண்ணெதிரில் வைத்தது.

தூய்மை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு துயரச் செய்தி. 2014இல் அமெரிக்காவில் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்குப் புரோபயாடிக் பொடி கொடுத்தார்கள். கடையில் விற்ற பொடி. அதில் பூஞ்சை கலந்திருந்தது. குழந்தை இறந்துவிட்டது. தவறு நல்ல பாக்டீரியாவுடையது அல்ல, கூட வந்ததுடையது. அந்தக் குழந்தையைப் போலவே எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள்தாம் ஆறாத புண்ணோடு வருகிறார்கள். லாக்டோபேசில்லஸே ரத்தத்தில் புகுந்து நோய் உண்டாக்குவதும் அரிதாக நடக்கிறது. இந்த இனத்தில் பல வகைகளுக்கு வான்கோமைசின் இயல்பாகவே வேலை செய்யாது. மருத்துவர் இதைத் தெரிந்துகொண்டுதான் தொட வேண்டும்.

நடைமுறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வார்டில் புண்ணைக் கழுவ அயோடின் கரைசல், மேலே வெள்ளி கலந்த கட்டு, ஊசியில் ஆன்டிபயாடிக். இந்த மூன்றுக்கும் நடுவில் நல்ல பாக்டீரியாவை வைத்தால் அதுதான் முதலில் சாகும். ஆகவே இது பழைய வைத்தியத்தின் மேல் தூவிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. எதை நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்று முழுத் திட்டமும் மாற வேண்டும். இந்தத் தொல்லையைப் பார்த்துத்தானோ என்னவோ, துக்குமான் குழுவே பிற்காலத்தில் பாக்டீரியாவை வடிகட்டி எடுத்துவிட்டு, அது வளர்ந்த நீரில் உள்ள பொருள்களை மட்டும் மருந்தாக்க முயன்றது. கனடாவில் ஒரு குழு பாக்டீரியாவைப் புண்ணில் படாமல் ஒரு பட்டைக்குள் அடைத்து, அது உண்டாக்கும் நைட்ரிக் ஆக்சைடு வாயு மட்டும் புண்ணுக்குப் போகும்படி செய்து முயலில் சோதித்தது. சுவீடனின் உப்சாலாவில் 2018இல், புண்ணாற்றும் புரதம் ஒன்றைத் தானே சுரக்கும்படி மரபணு மாற்றிய லாக்டோபேசில்லஸை எலியின் காயத்தில் வைத்தார்கள், காயம் சீக்கிரம் மூடியது. இவற்றில் எது கடைசியில் மருந்துக் கடைக்கு வரும்? பந்தயம் கட்டச் சொன்னால், வடிகட்டிய நீரின் பக்கம் கட்டுவேன். உயிரில்லாத பொருளை அளப்பதும் சேமிப்பதும் எளிது.

நண்பர்களே, இவ்வளவு சொன்ன பிறகு, எந்தப் பாக்டீரியாவும் செய்ய முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவரை நினைவுபடுத்துகிறேன். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்ணைப் பார்த்து, நோய் சதையைத் தின்கிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். பிராண்ட் உற்றுப் பார்த்தார். சதை தானாக அழுகவில்லை. உணர்ச்சி இல்லாத காலில், வலி தெரியாமல், புண்ணின் மேலேயே அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நடப்பதை நிறுத்தினால் ஆறியது. புண்ணோடு சேர்த்து மாவுக்கட்டுப் போட்டுப் பாதத்தின் பாரத்தைப் பரப்பினால் ஆறியது. 1960களில் அமெரிக்காவுக்குப் போனபோது அந்த அறிவையும் கொண்டுபோனார். இன்று உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணுக்குப் பாரத்தைக் குறைக்கும் மாவுக்கட்டுதான் தலையாய வைத்தியங்களில் ஒன்று. அதில் ஆன்டிபயாடிக் இல்லை, புரோபயாடிக் இல்லை. புண்ணின் மேல் நடக்காதே, அவ்வளவுதான்.

அப்படியானால் துக்குமான் யோசனை வேண்டாமா? வேண்டும். என் தீர்ப்பு இது: யோசனை நல்லது, சான்று போதாது. போதாத சான்றைப் போதுமானதாக்குவது யார் வேலை? பின்சுவரில் சாய்ந்து நிற்கும் மருத்துவ மாணவர்களே, செவிலியர் கல்லூரி மாணவிகளே, உங்கள் வேலை. பாதப் புண்ணுக்கு நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பஞ்சமில்லை. ஆய்வுக்கு ராக்கெட் வேண்டாம். இரண்டு குழு வேண்டும். இரண்டுக்கும் ஒரே மாவுக்கட்டு, ஒரே சுத்தம், ஒரே சர்க்கரைக் கட்டுப்பாடு. ஒன்றுக்கு மட்டும் எண்ணி அளந்த பாக்டீரியா, மற்றதற்குப் பாக்டீரியா இல்லாத அதே கரைசல். புண்ணை அளப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி, நோயாளியின் சம்மதம், ரத்தத்தில் பாக்டீரியா வந்ததா என்ற கண்காணிப்பு. முடிவு சாதகமாக வந்தாலும் பாதகமாக வந்தாலும் வெளியிடுங்கள். பாதகமான முடிவை அலமாரியில் வைத்துப் பூட்டுவதும் நோயாளிக்குச் செய்யும் துரோகம்தான்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இன்றிரவு அவருடைய உள்ளங்காலைப் பாருங்கள், விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள், செருப்பை மாட்டுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். புண்ணோ கொப்புளமோ இருந்தால் எதையும் தடவாமல், சுத்தமான துணியால் மூடி, நாளைக் காலையே மருத்துவரிடம் காட்டுங்கள்.